முதல் டிரையத்லான் சைக்கிள் வாங்கும் முன்

(சங்கத்தின் விளையாட்டுக் குழு கிளப் ஹவுஸில் நடத்திய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஞாயிற்றுக்கிழமை மாலை டிவியை விட்டுவிட்டு இறங்கி வந்திருக்கிறீர்கள், நன்றி.

கோவாவில் 2019-இல் தொடங்கிய அயர்ன்மேன் 70.3 போட்டிக்கு நம் வளாகத்திலிருந்து இந்த முறை நான்கு பேர் தயாராகிறார்கள். நான்கு பேருக்கும் அதுதான் முதல் பெரிய போட்டி. அதில் இரண்டு பேர் லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் என்னிடம் கேட்பது, "அங்கிள், எந்த கார்பன் வீல் வாங்கலாம்?" அதில் ஒரு பையனுடைய அப்பா போன வாரம் வாக்கிங்கில் என்னைப் பிடித்துக்கொண்டு கேட்டது, "சைக்கிளுக்கு மூணு லட்சம் லோன் கேக்கறான் சார், நீங்க பேங்க்ல இருந்தவரு, கையெழுத்துப் போடட்டுமா வேண்டாமா?" இந்த இரண்டு கேள்விக்கும் சேர்த்துத்தான் இன்று பேசப்போகிறேன். மேடையில் ஸ்டாண்டில் நிற்பது என் சைக்கிள். தொட்டுப் பார்க்கலாம், ஏறியும் உட்காரலாம்.

டிரையத்லான் என்றால் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் இடைவெளி இல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக. ஸ்பிரிண்ட் என்பது 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். ஒலிம்பிக் தூரம் 1.5, 40, 10. நம் பிள்ளைகள் போவது 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். மைல் கணக்கில் மொத்தம் 70.3, பெயர் அங்கிருந்துதான் வந்தது. நேரத்தில் பாதிக்கு மேல் போவது சைக்கிளில். அதனால்தான் எல்லோருக்கும் சைக்கிள் மீது கண்.

இந்தப் போட்டியில் ஒரு விதி இருக்கிறது. முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு ஓட்டக் கூடாது. பொதுவாக 10 முதல் 12 மீட்டர் இடைவெளி விட வேண்டும், மீறினால் தண்டனை நேரம். ஆக, 90 கிலோமீட்டரும் காற்றை நீங்களே தனியாகக் கிழித்துக்கொண்டு போக வேண்டும். காற்றின் கணக்கு கூட்டுவட்டியை விடக் கொடுமையானது. வேகம் இரண்டு மடங்கானால் காற்று தள்ளுகிற விசை நான்கு மடங்கு. அதை மிதித்து ஈடுகட்டத் தேவைப்படும் சக்தி எட்டு மடங்கு. 20 கி.மீ. வேகத்தில் நிம்மதியாகப் போகிற மனிதர் 40-இல் போக முடியாததற்குக் காரணம் இதுதான்.

அந்தக் காற்றில் முக்கால் பங்கு மோதுவது சைக்கிள் மீது அல்ல, மனிதர் மீது. நெஞ்சு, தோள், தலை. சைக்கிளும் சக்கரமும் சேர்ந்து வாங்குவது மீதிக் கால் பங்கு. நான் சொல்ல வந்ததெல்லாம் இந்த ஒரு வரவு செலவுக்குள் அடங்கிவிடும். மூன்று லட்சத்தை அந்தக் கால் பங்கில் கொட்டிவிட்டு முக்கால் பங்கை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

முக்கால் பங்கைக் குறைக்க வழி, குனிவது. ஹேண்டில்பாரின் நடுவில் முழங்கை வைத்துக்கொள்ள இரண்டு மெத்தை, அதற்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு குழாய். இதைத்தான் ஏரோபார் என்கிறோம். 1980-களின் பிற்பாதியில் அமெரிக்காவில் டிரையத்லான்காரர்கள் இதை மாட்டிக்கொண்டு ஓட்டினார்கள். சைக்கிள் பந்தய உலகம் அப்போது சிரித்தது. 1989 டூர் டி பிரான்ஸின் கடைசி நாள், வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கி.மீ. தனி ஓட்டம். கிரெக் லெமாண்ட் 50 விநாடி பின்தங்கி இருந்தார். ஏரோபார் மாட்டிக்கொண்டு கிளம்பினார். முன்னிலையில் இருந்த லோரான் ஃபின்யோன் சாதாரண பாரில், தலையில் கவசம் கூட இல்லாமல், பின்னல் பறக்க ஓட்டினார். மொத்தப் போட்டியையும் லெமாண்ட் 8 விநாடியில் ஜெயித்தார். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

ஆனால் சாதாரண ரோடு சைக்கிளில் அப்படிக் குனிந்தால் ஒரு சிக்கல் வரும். தொடை மேலே வரும்போது வயிற்றில் இடிக்கும். மூச்சு முட்டும், இடுப்பு மடங்கிப்போகும். இறங்கி ஓட ஆரம்பித்தால் கால் மரக்கட்டை மாதிரி இருக்கும். டான் எம்ஃபீல்ட் என்பவர் குயின்டானா ரூ என்ற நிறுவனத்தில் இதற்கென்றே ஃப்ரேம் செய்தார். சீட்டைத் தாங்கும் குழாயை நிமிர்த்தினார், அவ்வளவுதான். ரோடு சைக்கிளில் அந்தக் குழாய் 73 டிகிரி சுற்றி இருக்கும். டிரையத்லான் சைக்கிளில் 76 முதல் 80 வரை. சீட் முன்னே நகர்கிறது, முழு உடம்பும் பெடல் அச்சைச் சுற்றி ஒரு சுழற்சி முன்னே சாய்கிறது, இடுப்பின் கோணம் திறந்தே இருக்கிறது. நம் அம்மிக்கல் முன்னால் உட்கார்ந்து அரைப்பவர்கள் முன்னே நகர்ந்து உட்காருவார்களே, ஏறக்குறைய அந்த மாதிரி.

இப்போது முதல் கேள்வி. முதல் போட்டிக்கே இந்தத் தனி சைக்கிள் வேண்டுமா?

கையில் ஏற்கெனவே அளவு பொருந்திய ரோடு சைக்கிள் இருந்தால், என் பதில் வேண்டாம் என்பதே. கிளிப் ஏரோபார் என்று தனியாகக் கிடைக்கிறது, அதே ஹேண்டில்பாரில் மாட்டிக்கொள்ளலாம். சீட்டைக் கொஞ்சம் முன்னே தள்ள வேண்டும். முக்கால் பங்கில் பெரும்பகுதி அதிலேயே கிடைத்துவிடும். ஸ்பிரிண்டும் ஒலிம்பிக்கும் முடித்துவிட்டு, "இதை ஐந்து வருஷம் செய்வேன்" என்று மனசு சொன்ன பிறகு தனி சைக்கிள். இன்னொன்று, டிரையத்லான் சைக்கிளில் திருப்பமும் கூட்டமும் சுகப்படாது. கடை வீதிக்கோ ஆபீசுக்கோ அதை எடுத்துக்கொண்டு போக முடியாது. வீட்டில் ஒரே ஒரு சைக்கிள் என்றால் அது ரோடு சைக்கிளாக இருக்கட்டும்.

ஏரோபாரில் குனிந்திருக்கும்போது கை பிரேக்கில் இல்லை என்பதைப் பெற்றோர்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும். போட்டியில் சாலையை மூடிவிடுவார்கள். ஈ.சி.ஆரில் யாரும் மூடமாட்டார்கள். நாய் வரும், ராங் சைடில் பைக் வரும், பஸ் ஸ்டாப்பில் ஆள் இறங்குவார். குழுவாகப் போகும்போதும் ஊருக்குள்ளும் ஏரோபாரில் கை வைக்கக் கூடாது, கை எப்போதும் பிரேக் மேல். காலி நீட்டம், நேர் சாலை, விடிந்த வெளிச்சம் மூன்றும் இருந்தால் மட்டும் குனியலாம். குனிந்து பழகுவதற்குச் சிறந்த இடம் பால்கனியில் டிரெய்னர் ஸ்டாண்ட். கீழ் வீட்டாருக்குச் சத்தம் போகாமல் ஒரு ரப்பர் பாய் போட்டுவிடுங்கள், போன கூட்டத்தில் வந்த புகார் ஞாபகம் இருக்கும்.

சரி, வாங்குவதாகவே முடிவு செய்துவிட்டோம். எதைப் பார்ப்பது?

பேஸ்மெண்டில் தூண் பக்கம் ஒரு கறுப்பு சைக்கிள் உறை போட்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏ பிளாக் தம்பி ஒருவருடையது, அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். நல்ல மாடல், நல்ல கியர், தள்ளுபடியில் வந்தது. ஒரே குறை, அவருக்கு இரண்டு அளவு பெரியது. "ஸ்டெம்மை மாத்திக்கலாம்" என்று கடையில் சொன்னார்களாம். மாற்றினார். ஆனாலும் கழுத்து வலி, கை மரத்துப்போவது, உட்காரும் இடத்தில் புண். நாலு மாதத்தில் ஓட்டுவதையே விட்டுவிட்டார். விற்கவும் முடியவில்லை, பாதி விலைக்குத்தான் கேட்கிறார்கள். நீச்சலும் ஓட்டமும் நன்றாக வந்துகொண்டிருந்த பிள்ளை.

டிரையத்லான் சைக்கிளில் 54, 56 என்று போட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். சட்டையில் 40, 42 போடுவது போல அது, ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு. பார்க்க வேண்டியது ஸ்டாக், ரீச் என்ற இரண்டு அளவுகள். பெடல் அச்சின் நடுவிலிருந்து ஹேண்டில் குழாயின் உச்சி எவ்வளவு உயரம் என்பது ஸ்டாக். எவ்வளவு முன்னே தள்ளி இருக்கிறது என்பது ரீச். எல்லாக் கம்பெனியும் இந்த இரண்டையும் இணையதளத்தில் அட்டவணையாகப் போடுகிறார்கள். நீங்கள் முதலில் ஒரு பிட்டரிடம் போய், ஃபிட் பைக் என்று அங்கே ஒன்று வைத்திருப்பார்கள், அதில் உட்கார்ந்து உங்கள் முழங்கை எங்கே வர வேண்டும் என்று அளந்து வாங்கிவிடுங்கள். பிறகு அந்த அளவுக்கு எந்த ஃப்ரேம் வருகிறது என்று தேடுங்கள். பெரும்பாலானவர்கள் சைக்கிளை வாங்கிவிட்டுத்தான் ஃபிட்டிங்குக்குப் போகிறார்கள். மாப்பிள்ளைக்குச் சட்டை தைத்துவிட்டு அப்புறம் அளவெடுக்கிற கதை.

முதல் சைக்கிளில் இன்னொன்றும் பாருங்கள். பாரும் ஸ்டெம்மும் ஒரே வார்ப்பாக, பிரேக் ஒயர் எல்லாம் உள்ளே ஓடுகிற மாடல்கள் பார்க்க அழகு. ஆனால் மெத்தையை 2 செ.மீ. உயர்த்த வேண்டுமென்றால் தனி உதிரிபாகம் வரவழைக்க வேண்டும். விமானத்தில் பெட்டியில் போட்டுப் போவதற்கும் கழற்றுவது பெரும்பாடு. முதல் இரண்டு வருடம் உங்கள் உடம்பு மாறிக்கொண்டே இருக்கும், சைக்கிளும் மாற இடம் கொடுக்க வேண்டும்.

இப்போது வீட்டிலேயே செய்யக்கூடிய அளவு. வெறுங்காலோடு சுவரோரம் நில்லுங்கள். ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே, சீட்டில் உட்கார்ந்தால் அழுந்தும் அளவுக்கு, மேலே அழுத்தி வையுங்கள். தரையிலிருந்து புத்தகத்தின் மேல் விளிம்பு வரை டேப் பிடித்தால் உள்கால் நீளம். அதை 0.883-ஆல் பெருக்குங்கள். 80 செ.மீ. என்றால் 70.6. பெடல் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை அந்த உயரம் வைத்துத் தொடங்கலாம். தொடங்க மட்டும்தான். குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே இறக்கினால் கால் நேராக நிற்க வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் ஆடக் கூடாது.

உயரம் சரியான பிறகுதான் சீட்டை முன்பின் நகர்த்துவது, அது முடிந்த பிறகுதான் முழங்கை மெத்தை. இந்த வரிசையை மாற்றினால் மூன்றையும் திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இருப்பீர்கள். பக்கவாட்டில் நின்று ஒருவரை போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். மேல்கைக்கும் உடம்புக்கும் நடுவே ஏறக்குறைய செங்கோணம் வர வேண்டும். எடை எலும்பில் தாங்க வேண்டும், தோள் தசையில் அல்ல. பெடல் உச்சிக்கு வரும்போது தொடை வயிற்றில் இடித்தால் மெத்தையை உயர்த்துங்கள், அல்லது கிராங்கைக் குட்டையாக்குங்கள். 172.5 மி.மீ. கிராங்கை 165 ஆக்கினால் முழங்கால் அந்த அளவுக்கு மேலே வராது. இது பலருக்குத் தெரியாத, வெகு சுலபமான வைத்தியம்.

சீட்டுக்கு ரசமட்டம் வைத்துப் பாருங்கள். டிரையத்லானில் உட்காருவது சீட்டின் மூக்கில். அதனால் நடுவில் பிளந்த மூக்கோடு தனி சீட்டுகள் வருகின்றன. உணர்வு மரத்துப்போனால் பொறுத்துக்கொண்டு ஓட்டாதீர்கள், ஆண் பெண் இருபாலருக்கும் சொல்கிறேன். அது பழகுகிற வலி அல்ல, நரம்பும் ரத்த ஓட்டமும் நசுங்குகிறது. சீட்டை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் சாய்வை.

குனிவதில் போட்டி வேண்டாம். படத்தில் வீரர்கள் தரையோடு தரையாகப் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு நாமும் மெத்தையை இறக்குவோம். நாற்பது நிமிடத்தில் கழுத்து பிடித்துக்கொண்டு நிமிர்ந்துவிடுவோம். நிமிர்ந்த பிறகு ஐம்பது ஆயிரம் ரூபாய் ஹெல்மெட்டும் ஒன்றும் செய்யாது. 4 செ.மீ. உயரமாக வைத்து 90 கிலோமீட்டரும் குனிந்தே போகிறவர், அதிகமாகக் குனிந்து பாதி வழியில் நிமிர்கிறவரை முந்துவார். கவுண்டரில் 34 வருடம் உட்கார்ந்த இடுப்பு என்னுடையது. என் மெத்தை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று இங்கேயே பாருங்கள்.

அடுத்தது லோன். மூன்று லட்சம், 14 சதவீதம், 36 மாதம் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். மாதத் தவணை 10,250 சுற்றி வரும். மொத்தம் கட்டுவது 3 லட்சத்து 69 ஆயிரம். வட்டி மட்டும் 69 ஆயிரம், அந்த வட்டியிலேயே ஃபிட்டிங், நல்ல சீட், நல்ல டயர், ஒரு சர்வீஸ் எல்லாம் முடிந்துவிடும். வீடு மாதிரி மதிப்பு ஏறுகிற சொத்தும் அல்ல இது. அந்த அப்பாவுக்கு நான் சொன்னது: பையன் இப்போதைய சைக்கிளில் ஏரோபார் மாட்டி ஒரு ஒலிம்பிக் தூரம் முடிக்கட்டும். முடித்து வந்தும் ஆசை இருந்தால், சக்கரம் நீக்கி, அளவு பார்த்து, சைக்கிள் மட்டும் வாங்கட்டும். பையன் முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான், கோபம் இல்லையே தம்பி?

இப்போது சக்கரத்துக்கு வருவோம், எல்லோரும் காத்திருப்பது அதற்குத்தான்.

ஆழமான கார்பன் ரிம் வேலை செய்கிறது, அதில் சந்தேகமில்லை. எவ்வளவு என்பதுதான் கேள்வி. 90 கி.மீ. தூரத்தை மணிக்கு 30-இல் ஓட்டினால் 3 மணி நேரம். 31-இல் ஓட்டினால் 2 மணி 54 நிமிடம். அந்த ஒரு கிலோமீட்டர் வேகத்துக்கு, காற்று மட்டுமே எதிரி என்று வைத்துக்கொண்டால், காற்றுத் தடையில் ஏறத்தாழ 10 சதவீதம் குறைய வேண்டும். சாதாரண நல்ல சக்கரத்திலிருந்து கார்பனுக்கு மாறினால் அவ்வளவு வராது. சேமிப்பு சில நிமிடங்கள். பஞ்சரானால் ட்யூப் மாற்றத் தெரியாதவருக்கு அதே சில நிமிடங்கள் சாலையோரத்தில் போய்விடும். ட்யூப் மாற்றக் கற்றுக்கொள்ளக் காசு இல்லை.

ஆழம் 40, 60, 80 மி.மீ. என்று வரும், பின்னால் முழுத்தட்டும் உண்டு. இங்கேதான் ஈ.சி.ஆர். பாடம். சாலை கடலோரமாக வடக்கு தெற்காகப் போகிறது. வெயில் ஏறிய பிறகு கடற்காற்று கிழக்கிலிருந்து வரும், அதாவது நேராக விலாவில். முன் சக்கரம் ஹேண்டிலோடு திரும்புவது, ஆழமான ரிம் என்றால் பாய்மரம் மாதிரி காற்றைப் பிடித்து ஹேண்டிலைத் திருப்பும். கைகளோ ஏரோபாரில் ஒன்றோடொன்று ஒட்டி இருக்கின்றன, பிடித்து நிறுத்தப் பலம் கிடைக்காது. லாரி கடந்துபோகும்போது காற்று ஒரு நொடி நின்று மறுபடி அடிக்கும், ஆபத்து அந்த நொடியில்தான். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இது 80 கிலோ ஆணை விட அதிகம். பின் சக்கரம் திரும்புவதில்லை, உடம்பின் எடையும் அதன் மேல் இருக்கிறது. ஆகவே முன்னே 40, பின்னே 60 என்பது முதல் ஜோடிக்குப் போதும். ஹவாயின் கோனாவில் நடக்கும் அயர்ன்மேன் உலகப் போட்டியில் பின்னால் முழுத்தட்டு போடவே நீண்ட காலம் அனுமதி இல்லாமல் இருந்தது, காரணம் அங்கே அடிக்கும் பக்கக்காற்று.

வாங்கும் முன் பொருந்துமா என்று பார்க்க வேண்டியவை சில. உங்கள் சைக்கிளில் குவிக் ரிலீஸா, 12 மி.மீ. த்ரூ ஆக்சிலா? ரிம் பிரேக்கா, டிஸ்க்கா? டிஸ்க் என்றால் சென்டர் லாக்கா, ஆறு போல்ட்டா? பின் ஹப்பின் உருளை ஷிமானோ கேசட்டுக்கா, ஸ்ராமின் எக்ஸ்.டி.ஆருக்கா? இதில் ஒன்று தவறினாலும் சக்கரம் பெட்டியிலேயே இருக்கும். செகண்ட் ஹாண்டில் ரிம் பிரேக் கார்பன் சக்கரம் மலிவாக வரும். அதற்கான தனி பிரேக் கட்டையும் சேர்த்து வாங்குங்கள். அலுமினிய ரிம்மில் தேய்ந்த பழைய கட்டையைப் போட்டால் அதில் பதிந்த உலோகத்துகள் கார்பனை உழுதுவிடும்.

டயர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். புதிய சக்கரங்கள் பலவற்றில் ரிம்முக்குக் கொக்கி விளிம்பு இல்லை, ஹூக்லெஸ் என்கிறார்கள். அதில் 5 பார், அதாவது 72.5 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்று அடிக்கக் கூடாது. அதற்கென்று ஒப்புதல் உள்ள டியூப்லெஸ் டயரைத்தான் போட வேண்டும். நம் ஊரில் பழக்கம், டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து "கல்லு மாதிரி இருக்கணும்" என்று 110, 120 அடிப்பது. இந்த ரிம்மில் அப்படிச் செய்தால் ஓடும்போதே டயர் கழன்று வரலாம். மீட்டர் உள்ள பம்ப் ஒன்று சங்கச் செலவில் பேஸ்மெண்டில் வைக்கலாம் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன், பொருளாளர் கவனிக்கவும். கொக்கி உள்ள ரிம்மிலும் 25 அல்லது 28 மி.மீ. டயருக்கு அவ்வளவு காற்று தேவையே இல்லை. நம் சாலையில் துள்ளிக்கொண்டுதான் போகும்.

காசு கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் சக்கரத்துக்கு முன் நல்ல பந்தய டயர் ஒரு ஜோடி வாங்குங்கள். ஒரு ரூபாய்க்கு இவ்வளவு வேகம் தருவது வேறு எதுவும் இல்லை. ஆழமான ரிம்முக்கு நீள வால்வு உள்ள ட்யூப் வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். மாற்று ட்யூபின் வால்வு ரிம்முக்கு வெளியே தலைகாட்டாவிட்டால் பம்ப் எங்கே மாட்டுவது?

போட்டிக்கு முந்தின வாரம் புது சக்கரம், புது சீட் எதுவும் வேண்டாம். குறைந்தது ஆறு வாரம் அதே சைக்கிளில், அதே சக்கரத்தில், காற்றுள்ள நாளிலும் ஓட்டியிருக்க வேண்டும். கோவாவுக்குப் பெட்டி கட்டும் முன் சீட் குழாயிலும் முழங்கை மெத்தையின் இடத்திலும் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி அடையாளம் செய்யுங்கள். கார்பன் பாகங்களை முறுக்க டார்க் ரெஞ்ச் வேண்டும், என்னிடம் ஒன்று இருக்கிறது. எத்தனை நியூட்டன் மீட்டர் என்பது அந்த அந்த பாகத்திலேயே அச்சிட்டிருக்கும்.

வருகிற இரண்டு ஞாயிறும் காலை ஏழு மணிக்கு பி பிளாக் பேஸ்மெண்டில், ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் இருப்பேன். டேப், ரசமட்டம், டிரெய்னர் ஸ்டாண்ட் மூன்றும் கொண்டு வருகிறேன். சைக்கிளோடு, ஓட்டும்போது போடும் ஷூவோடு வாருங்கள். முதலில் அந்தக் கறுப்பு சைக்கிளை நம் வளாகத்தில் உயரமான யாருக்காவது பொருந்துகிறதா என்று அளந்து பார்க்கப்போகிறோம். ஆறடி ஆட்கள் இருந்தால் இப்போதே கை தூக்குங்கள்.